அந்தப் பட்டியலை வகுப்பில் வாசிக்காத ஹெச்.எம்

ஜூன் மாதம் வந்துவிட்டால் எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் ஒரு வகை வீடியோவுக்குப் பஞ்சமே இருக்காது. முதல் நாள் பள்ளிக்கு வரும் குழந்தைகளுக்கு மாலை, மேளதாளம், காகிதக் கிரீடம். வாசலில் கைகூப்பி நிற்கும் தலைமை ஆசிரியர். பதிவேற்றிய அரை மணி நேரத்தில் ஹார்ட்டின்கள் குவியும்.

இன்னொரு வகை, பிரிவு வீடியோ. 2018 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் வெளியகரம் அரசு உயர்நிலைப் பள்ளியில், பணிமாறுதல் கிடைத்துக் கிளம்பிய ஆங்கில ஆசிரியர் பகவானை மாணவர்கள் கட்டிப்பிடித்து அழுது, போகவிடாமல் தடுத்தார்களே, நினைவிருக்கிறதா? நாடு முழுக்கப் பேசப்பட்ட காட்சி அது. இப்போது பார்த்தாலும் தொண்டை அடைக்கும்.

இந்த வாரம் நான் பேச நினைப்பது, எந்த வீடியோவிலும் சிக்காத ஒரு விஷயத்தை. அது வகுப்பறைக்குள் இரண்டே நிமிடத்தில் நடந்து முடிந்துவிடும்.

"ஸ்காலர்ஷிப் லிஸ்ட் வந்திருக்கு. எஸ்.சி பசங்க எல்லாம் எழுந்திரிங்க."

தமிழ்நாட்டில் படித்த பலருக்கு இந்த வாக்கியம் பழக்கமானது. எழுந்து நின்றவர்களுக்கும் பழக்கம், உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவர்களுக்கும் பழக்கம். சொன்ன ஆசிரியருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. படிவத்தை மூன்று மணிக்குள் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். உதவித்தொகை நல்ல திட்டம்தான். ஆனால், அதைக் கொடுக்கும் விதத்தில் ஒரு பதிமூன்று வயதுப் பிள்ளையின் சாதி நாற்பது பேர் முன்னால் அறிவிக்கப்பட்டுவிடுகிறது. அன்று மதியம் சாப்பிட உட்காரும் வரிசை மாறினால், அதற்கு யார் காரணம் என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

இது சின்ன விஷயம் என்று தோன்றினால், 2023 ஆகஸ்ட்டை நினைத்துப் பாருங்கள். திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், ப்ளஸ் டூ படித்த பட்டியல் சமூக மாணவர் ஒருவரை, அதே பள்ளி மாணவர்கள் இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதற்கு முன்பு சில நாள்கள் அந்த மாணவர் பள்ளிக்கே வரவில்லை என்றும், உடன் படித்தவர்கள் தரும் தொல்லையைப் பற்றிப் பள்ளியில் சொன்ன பிறகுதான் இது நடந்தது என்றும் அப்போது செய்திகள் வந்தன.

அந்தச் செய்தியை நான் திரும்பத் திரும்பப் படித்தது இந்த ஒரு வரிக்காகத்தான். ஒரு பிள்ளை வாய் திறந்து புகார் சொல்கிறது. பள்ளி அதைக் கேட்கிறது, நடவடிக்கை எடுக்கிறது. மாலை நாலு மணிக்கு மணி அடித்த பிறகு அந்தப் பிள்ளை எந்தத் தெரு வழியாக வீட்டுக்குப் போகும், அந்தத் தெருவில் யார் வீடு இருக்கிறது என்பதும் தெரிந்திருந்தால்தான் அந்தக் கேட்டலுக்கு முழுப் பயன். நல்ல மனசு உள்ள எத்தனையோ தலைமை ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஊரைப் பற்றிய அறிவு இல்லாமல் வெறும் நல்ல மனசோடு இறங்கினால், சில நேரம் பிள்ளைக்குத்தான் ஆபத்து.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு தமிழக அரசு, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை முதலமைச்சரிடம் தரப்பட்டது. மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறு, நெற்றித் திலகம் பற்றிய பரிந்துரைகள்தான் தொலைக்காட்சி விவாதங்களில் ஓடின. ஒரு வாரம் அதே சத்தம். அதே அறிக்கையில் அமைதியாக வேறு சில பரிந்துரைகளும் இருந்தன. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது. சாதியைக் குறிக்கும் விதத்தில் மாணவர்களை வகுப்பில் அழைக்கக் கூடாது. உதவித்தொகை பற்றிய தகவல் என்றால், தலைமை ஆசிரியர் தன் அறைக்கு அழைத்துச் சொல்ல வேண்டும். கயிறு அளவுக்கு இவை யாரையும் சூடாக்கவில்லை. என்னைக் கேட்டால், நாளைக் காலையே ஒரு ரூபாய் செலவில்லாமல் செய்யக்கூடியவை இவைதான்.

இதைப் பற்றிப் பேச, என் அம்மாவின் சிநேகிதி ஒருவருக்கு போன் செய்தேன். தருமபுரி மாவட்டத்தில் அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். பெயர் போடக் கூடாது என்பது நிபந்தனை. "ரிட்டயர் ஆனப்புறம் எதுக்கு கண்ணு விளம்பரம்?" என்றார். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பேசினார்போல, நடுநடுவே காம்பு ஒடிகிற சத்தம் கேட்டது.

உதவித்தொகைப் பட்டியலை எப்படிக் கையாண்டீர்கள் டீச்சர் என்று கேட்டேன்.

"எல்லார் பேரையும்தான் கூப்பிடுவேன். அட்டெண்டன்ஸ் வரிசைப்படி ஒவ்வொருத்தரா என் ரூமுக்கு வரணும். ஒருத்தன்கிட்ட பாஸ்புக் காப்பி கேப்பேன். ஒருத்திகிட்ட பஸ் பாஸ் வந்துடுச்சான்னு கேப்பேன். இன்னொருத்தன்கிட்ட, 'கண்ணாடி போட்டியே, தலைவலி நின்னுச்சா'ன்னு கேட்டு அனுப்பிடுவேன். யார்கிட்ட என்ன கேட்டேன்னு வெளியில நிக்கிறவனுக்குத் தெரியாது."

"நேரம் ஆகுமே டீச்சர்?"

"மூணு நாள் ஆகும். ஆகட்டுமே. அந்த மூணு நாள்ல எனக்கு முந்நூறு வீட்டுக் கதை தெரிஞ்சுடுமே!"

அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னைக் கொஞ்சம் யோசிக்கவைத்தது. எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி திடீரென்று ஒரு வாரம், பத்து நாள் வராமல் இருப்பாள். காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வயதுக்கு வந்திருப்பாள். அவர் வேலை பார்த்த பக்கத்தில், மஞ்சள் நீராட்டு முடிந்த கையோடு சில வீடுகளில் கல்யாணப் பேச்சும் ஆரம்பித்துவிடும். திரும்பிப் பள்ளிக்கு வராமலேயே போன பெண்கள் உண்டு.

டீச்சர் என்ன செய்வாராம் தெரியுமா? தட்டில் வெற்றிலை பாக்கு, கண்ணாடி வளையல், பூ, பழம், கூடவே இரண்டு நோட்டு, ஒரு ஜாமென்ட்ரி பாக்ஸ் வைத்து எடுத்துக்கொண்டு விசேஷ வீட்டுக்குப் போய்விடுவாராம்! உட்கார்ந்து சாப்பிட்டு, பாட்டியிடம் நலம் விசாரித்து, கடைசியில் தாய்மாமன் எங்கே என்று தேடிப் பிடிப்பாராம்.

"மாமன் சீர் நல்லா செஞ்சிருக்கீங்க தம்பின்னு முதல்ல சொல்லிடணும். அது அவருக்குக் கௌரவம். அப்புறமா, 'பன்னெண்டாவது முடிக்க வெக்கிறதும் மாமன் பொறுப்புதான், அடுத்த திங்கட்கிழமை நீங்களே கொண்டாந்து விடுங்க'ன்னு சபையில வெச்சுச் சொல்லிடுவேன். நாலு பேர் முன்னால தலையாட்டினவர், திங்கட்கிழமை வண்டியில கூட்டிட்டு வந்துதானே ஆகணும்?"

எனக்கு இந்தச் சடங்கே பிடிக்காது. ஒரு சின்னப் பெண்ணின் உடம்பு விஷயத்தை ஃப்ளெக்ஸ் பேனர் வைத்து ஊருக்குச் சொல்வது என்ன நியாயம் என்று கேட்கிற தலைமுறை நான். அதனால், "நீங்களே தட்டு எடுத்துட்டுப் போனா, அதை ஏத்துக்கிட்ட மாதிரி ஆகாதா டீச்சர்?" என்று கேட்டுவிட்டேன்.

கீரை ஆய்கிற சத்தம் நின்றது. "பேனர் வெக்கிறது எனக்கும்தான் பிடிக்காது. அதை கிளாஸ்ல பேசுவேன், பேரன்ட்ஸ் மீட்டிங்ல பேசுவேன். ஆனா விசேஷத்தன்னிக்கு வாசல்ல நின்னு பேசினா, கதவைச் சாத்திடுவாங்க கண்ணு. கதவுக்கு உள்ள இருக்கிறது யாரு? என் ஸ்டூடன்ட்."

பேச்சு எடுபடாமல் போனதும் உண்டாம். அப்போது தயங்காமல் 1098-க்கு போன் செய்திருக்கிறார். பெண்ணுக்கு 18 வயது ஆகாமல் கல்யாணம் செய்வது சட்டப்படி குற்றம், அதில் அவருக்கு எந்தச் சமரசமும் இல்லை. ஒரே ஆள், ஒரு வீட்டில் சீர்த்தட்டோடு போகிறார், இன்னொரு வீட்டுக்கு அதிகாரிகளை அனுப்புகிறார். எந்த வீட்டுக்கு எது என்று தெரிந்துவைத்திருந்தார் பாருங்கள், அதற்குத்தான் அந்த முந்நூறு வீட்டுக் கதை உதவியிருக்கிறது. சடங்கு பற்றி என் கருத்து இன்னும் மாறவில்லை. ஆனால், அந்தப் பெண்கள் திங்கட்கிழமை வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை என்னால் மறுக்க முடியவில்லை.

சொந்த ஊர்ப் பிள்ளைகளையே புரிந்துகொள்ள இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்றால், வேறு மாநிலத்திலிருந்து வந்து நம் பள்ளிகளில் உட்காரும் பிள்ளைகளின் நிலை? சென்னை, திருப்பூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அரசுப் பள்ளிகளில் இப்போது வேலை தேடி வந்த குடும்பங்களின் குழந்தைகள் படிக்கிறார்கள். நாம் எல்லோரையும் ஒரே பெயரில் 'ஹிந்திக்காரப் பசங்க' என்றுவிடுகிறோம். அதில் ஒரு பையன் ஒடியா பேசுபவனாக இருப்பான், இன்னொருத்தி வங்காளி, மூன்றாமவன் அசாம். அவர்களுக்கும் ஹிந்தி புதுமொழியாகவே இருக்கலாம். 'மதராசி' என்று நம்மைச் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்?

திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்கு வரும் ஒடிசாக் குடும்பங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கு ஒடிசாவில் பலாங்கீர், நுவாபாடா மாவட்டங்களில் 'நுவாகாய்' என்று ஒரு பண்டிகை உண்டு. புது நெல்லைச் சாமிக்குப் படைத்துச் சாப்பிடும் விழா, கிட்டத்தட்ட நம் பொங்கல் மாதிரி. ஆகஸ்ட் - செப்டம்பரில் வரும். அதையொட்டிச் சூளை முன்பணம் வாங்கிக்கொண்டு, அறுவடை முடிந்ததும் குடும்பமாகக் கிளம்பிவிடுகிறார்கள். மழைக்காலம் தொடங்கும் முன் ஊர் திரும்புவார்கள். அதாவது, நம் பள்ளி ஆண்டின் நடுவில் வந்து, அடுத்த ஆண்டு தொடங்கும் முன் போய்விடும் குழந்தைகள். இந்தக் கணக்கு தெரிந்த தலைமை ஆசிரியர், டிசம்பரில் திடீரென்று வந்து நிற்கும் ஒன்பது வயதுப் பிள்ளையைப் பார்த்து, "இவ்வளவு நாள் எங்கே போனே?" என்று கேட்க மாட்டார். அந்தச் சூளைகளில் ஒடிசாவிலிருந்து பாடப்புத்தகங்களை வரவழைத்து, ஒடியாவிலேயே பாடம் நடத்தும் ஏற்பாடு நம் மாநிலத்திலேயே நடந்திருக்கிறது.

சட்டமும் இந்தப் பிள்ளைகள் பக்கம்தான் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, டி.சி கொண்டுவரத் தாமதம் என்பதற்காகவோ, வயதுச் சான்று இல்லை என்பதற்காகவோ 6 முதல் 14 வயதுக் குழந்தைக்கு அனுமதி மறுக்கக் கூடாது. வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். டி.சி தரத் தாமதிக்கும் தலைமை ஆசிரியர் மீது நடவடிக்கை எடுக்கவும் இடமுண்டு. உங்கள் தெருவில் அப்படி யாராவது பள்ளிக்குப் போகாமல் இருந்தால், இதைச் சொல்லியே சேர்க்கலாம்.

பக்கத்து கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்ட நிர்வாகம் 2017-ல் 'ரோஷ்னி' என்று ஒரு திட்டம் தொடங்கியது. வெளிமாநிலக் குழந்தைகளின் தாய்மொழி தெரிந்த தன்னார்வலர்கள், அந்த மொழி வழியாகவே மலையாளம் சொல்லிக்கொடுத்தார்கள். வகுப்பு, பள்ளி தொடங்கும் முன் காலையில். வேலைக்குப் போகும் பெற்றோர் விடியற்காலையில் கிளம்பிவிடுவதால் அங்கேயே காலை உணவும் உண்டு. பசிக்கிற பிள்ளைக்கு எந்த மொழியும் ஏறாது என்று தெரிந்த யாரோ ஒருவர் போட்ட திட்டம் அது என்று நினைத்துக்கொண்டேன்.

நம் பிள்ளைகளும் வேற்று நாட்டில் இதே நிலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். லண்டனில் பிரென்ட் பகுதி, வெம்பிளி, ஆல்பர்ட்டன் பக்கம் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக உண்டு. அங்கே ஆல்பர்ட்டன் கம்யூனிட்டி ஸ்கூலின் ஓவிய ஆசிரியை ஆண்ட்ரியா ஸஃபிராகூ, பள்ளி நிர்வாகக் குழுவிலும் இருந்தவர். 2018-ல் பத்து லட்சம் டாலர் மதிப்புள்ள உலக ஆசிரியர் விருதை வாங்கினார். அந்தப் பள்ளி மாணவர்கள் பேசும் மொழிகள் 35. தமிழ், குஜராத்தி, ஹிந்தி என்று அதில் பலவற்றில் வணக்கம் சொல்லும் அளவுக்காவது கற்றுக்கொண்டார். பள்ளி வாசலில் நின்று பிள்ளைகளை அவரவர் மொழியில் வரவேற்பார்.

விருதுச் செய்திகளில் இந்த வணக்கம்தான் பெரிதாக வந்தது. எனக்குப் பிடித்தது இன்னொன்று. கட்டுப்பாடான குடும்பத்துப் பெண்கள், ஆண்களோடு விளையாட வீட்டில் விட மாட்டார்கள் என்பதைப் பார்த்து, அங்கே பெண்களுக்கு மட்டும் தனி கிரிக்கெட் அணி உருவானது. 'எங்கள் நாட்டுக்கு வந்தால் எங்கள் மாதிரி இருங்கள்' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பெண்கள் மட்டையைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். தருமபுரி டீச்சரிடம் இதைச் சொன்னபோது, "அட, அந்தம்மாவும் தட்டு எடுத்துட்டுதான் போயிருக்காங்க" என்று சிரித்தார்.

ஆனால் எல்லா இடத்திலும் ஊர்ப் பழக்கத்துக்கு விட்டுக்கொடுத்துப் போக முடியாது. 2023 செப்டம்பரில், தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரம் அருகே ஒரு தொடக்கப் பள்ளியில், முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் சமைத்தவர் பட்டியல் சமூகப் பெண் என்பதால் சில பெற்றோர் தங்கள் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. கனிமொழி எம்.பி, அமைச்சர் கீதா ஜீவன், கலெக்டர் ஆகியோர் போய்க் குழந்தைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதே மாதம் கரூர் மாவட்டத்திலும் இதே பிரச்னைக்காகக் கலெக்டர் ஒரு பள்ளிக்குப் போய்ச் சாப்பிட்டார். நல்ல காரியம். இங்கே தட்டு எடுத்துக்கொண்டு போய்ச் சமாதானம் பேச ஒன்றும் இல்லை. சாதி பார்த்துச் சாப்பாட்டை ஒதுக்குவது எந்த வீட்டுப் பழக்கமாக இருந்தாலும் பள்ளிக்குள் அதற்கு இடம் கிடையாது.

எனக்கு இருக்கும் கேள்வி அடுத்த நாளைப் பற்றி. கலெக்டர் கார் போய்விடும். மறுநாள் காலை எட்டே கால் மணிக்கு அதே அக்கா, அதே உப்புமா, அதே பிள்ளைகள். அப்போது கூட உட்கார்ந்து சாப்பிட வேண்டியவர் தலைமை ஆசிரியர். அவரும் அதே ஊரில் கடையில் சாமான் வாங்க வேண்டும், அதே பஸ்ஸில் வர வேண்டும். அவருக்கு அந்தத் தைரியம் வர, மேலே இருப்பவர்கள் பின்னால் நிற்பார்கள் என்ற நம்பிக்கை வேண்டும்.

ஹெச்.எம்-களைக் குறை சொல்வது சுலபம். எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றுவதிலிருந்து கழிவறைத் தண்ணீர் மோட்டார் வரை அவர்கள் தலையில்தான். தொடக்கப் பள்ளியில் இரண்டு பேர்தான் என்றால், ஹெச்.எம்-மே மூன்று வகுப்புக்குப் பாடமும் எடுப்பார். இதில் முந்நூறு வீட்டுக் கதையை எப்போது கேட்பது? நியாயமான கேள்விதான்.

பெற்றோரான நாமும் அவர்களிடம் என்ன கேட்கிறோம்? பள்ளியில் சேர்க்கும்போது, "ரிசல்ட் எத்தனை பர்சன்ட்?", "இங்கிலீஷ்ல பேச வெப்பீங்களா?" என்றுதான் பெரும்பாலும் கேட்கிறோம். "பையன் ஒரு வாரம் வராவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டவர் யாராவது உண்டா? இதைக் கேட்க ஓர் இடம் சட்டத்திலேயே இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று உண்டு. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். கூட்டம் நடக்கும் நாள் எது என்று பள்ளியில் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரு முறை போய்ப் பாருங்கள். உதவித்தொகை விவரத்தை எப்படி அறிவிக்கிறீர்கள் என்று அங்கே கேட்கலாம், தப்பே இல்லை. பள்ளியில் பேசியும் பலனில்லை என்றால், பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண் 14417 இருக்கிறது.

போனை வைக்கும் முன் டீச்சரிடம் ஒன்று கேட்டேன். ஓய்வுபெற்ற அன்று புது ஹெச்.எம்-மிடம் என்னவெல்லாம் ஒப்படைத்தீர்கள்?

"சாவிக்கொத்து, கேஷ் புக், ஸ்டாக் ரெஜிஸ்டர், லேப்டாப். கையெழுத்து வாங்கிக்கிட்டேன். அப்புறம் அவரைத் தனியா கூப்பிட்டு ஒரு பதினைஞ்சு பேரைப் பத்திச் சொன்னேன். ஏழாவதுல ஒரு பையன், அவன்கிட்ட மட்டும் 'நாளைக்கு உங்கப்பாவைக் கூட்டிட்டு வா'ன்னு சொல்லிடாதீங்க சார், பாட்டியைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்கன்னேன். ஏன்னு அவர் கேக்கலை. குறிச்சுக்கிட்டார்."